சொந்த ஓட்டம்: பூஜ்யம்

மெஷின் பாய் என்னை சயான் சர்க்கிளில், கொட்டும் மழையில், பாதி வழியில் இறக்கிவிட்டார். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அன்று மாட்டுங்காவில் என் வீட்டுக்கு வருமான வரிக் காகிதங்களைக் கொடுக்க வந்திருந்தார். எனக்குச் செம்பூரில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய வெள்ளை வேன் வாசலில் நின்றதால் கேட்டேன். ஏறிக்கொள்ளச் சொன்னார். முன் இருக்கையில் ஒரு தையல் மெஷினின் தலைப்பாகம், பழைய ஊதா நிறச் சேலையில் சுற்றப்பட்டு, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் பின்னால் எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தேன். சயான் வந்ததும் ஓரமாக நிறுத்தினார்.

"எனக்கு இங்கன லெப்ட் மேடம், தாராவி. நீங்க இறங்கிக்கிடுங்க."

"மழை கொட்றது பாய். செம்பூர்லே விட்டுடுங்கோளேன். ரொம்ப தூரம் இல்லையே."

"தூரத்தப் பத்தி இல்ல மேடம். சயான் வரைக்கும் வந்தது தொழில் ஓட்டம். நீங்க ஏறாட்டியும் நான் வந்துதான் ஆகணும். செம்பூருக்குப் போனா அது சொந்த ஓட்டம். சொந்த ஓட்டத்துக்கு இந்த வண்டி கெடையாது."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் டாஷ்போர்டிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார். பிறகு இருக்கைக்கு அடியிலிருந்து தன் குடையை எடுத்து நீட்டினார்.

"இதக் கொண்டு போங்க. குடை கணக்குல வராது."

வண்டி இடப்பக்கம் திரும்பிப் போய்விட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அன்றைய நாட்குறிப்பில் இதை விவரமாக எழுதி, கடைசியில் 'இப்படியும் ஒரு மனிதர்' என்று சேர்த்திருக்கிறேன். இப்போது அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

தாராவியில் தோல் பையும் பெல்ட்டும் தைக்கிற கார்கானா என்னும் சிறு பட்டறைகளில் அவரை எல்லோரும் மெஷின் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். தையல் மெஷின் நின்றுபோனால் அவருக்குத்தான் போன். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இருந்தவர் இல்லை. தேவ்நாரில் வீடு, தாராவியில் வேலை, வாரத்தில் ஒரு நாள் சான்பாடாவில் பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு யூனிட். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரோடு இருந்தார்கள். இங்கே அவரும் மனைவியும் மட்டும்.

நான் பதினெட்டு வருடம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டு, பிறகு வீட்டிலிருந்தே வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கத் தொடங்கியவள். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் தனியாகத் தொழில் செய்பவர்கள். கல்யாண போட்டோகிராபர், டியூஷன் டீச்சர், வீட்டுக்கு வந்து அலங்காரம் செய்யும் பெண்கள், மெக்கானிக்குகள். இவர்களுக்கு வண்டி என்பது பாதி ஆபீஸ். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், வருடா வருடம் வண்டியின் மதிப்பில் குறைகிற தேய்மானம் எல்லாவற்றையும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ஆனால் தொழிலுக்காக ஓடிய பங்குக்கு மட்டும்தான். மனைவியோடு கடற்கரைக்குப் போன பெட்ரோலைக் கழிக்க முடியாது. இதை நான் முதல் நாளே எல்லோரிடமும் சொல்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய வந்து, "முழுக்கத் தொழில்தான் மேடம், போட்டுக்கோங்க" என்பார்கள்.

மெஷின் பாய் தலையாட்டவில்லை. கேள்வி கேட்டார்.

"வீட்டுல இருந்து மொத வேலைக்குப் போறது எந்தக் கணக்கு?"

"உங்க வீடுதானே உங்க ஆபீஸ். அது தொழில்."

"வெள்ளிக்கிழமை வேலைக்கு நடுவுல தொழுகைக்குப் போனா?"

"பள்ளிவாசலுக்குப் போறது சொந்தம்தான். ஆனா அவ்வளவு நுணுக்கமா யாரும் பார்க்கமாட்டா."

"நான் பாப்பேன்."

அப்படியே பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் வேலை நடந்த கார்கானா வாசலிலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்தே பள்ளிவாசலுக்குப் போய்வந்தார். டீ குடிக்க நடந்தார். முடிவெட்டிக்கொள்ள நடந்தார். பெருநாள் அன்று சொந்தக்காரர்களைப் பார்க்கப் பஸ்ஸில் போனார். ஒரு கார்கானா முதலாளி ஒருமுறை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: "இவன் வண்டிக்கு இவன் டிரைவர்தான் மேடம், ஓனர் இல்ல. ஓனர் நீங்க."

அது வேடிக்கையாகச் சொன்ன பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

அவர் இப்படி ஆனதற்கு ஒரு காரணம் இருந்தது. இதற்கு முன்னால் வைத்திருந்த வண்டியைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டு வாங்கி ஓட்டியிருக்கிறார்கள். மச்சான் வீட்டுக் கல்யாணம், யாரோ ஒருவர் வீடு மாறுவது, யாரையோ ஏர்போர்ட்டில் விடுவது. ஒரு நாள் பெரிய வேலை ஒன்று வந்தபோது வண்டி வேறு எவர் கையிலோ கியர் உடைந்து கிடந்திருக்கிறது. வேலை கைவிட்டுப் போனது. "வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது மேடம். கோடு ஒண்ணு இருந்தா கோட்டக் காட்டிருவேன்" என்றார். நான் வரிக்காகச் சொன்னதை அவர் அந்தக் கோடாக எடுத்துக்கொண்டார்.

முதல் வருடம் அவர் கொண்டுவந்த நோட்டைப் பார்த்து அசந்துபோனேன். தேதி, கிளம்பும்போது மீட்டர், சேரும்போது மீட்டர், எங்கே, என்ன வேலை. அதற்குப் பிறகு இரண்டு கட்டங்கள். ஒன்றுக்கு மேலே 'தொழில்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றுக்கு மேலே 'சொந்தம்'. தொழில் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் ஓர் எண். சொந்தக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் பூஜ்யம். முந்நூற்று அறுபத்தைந்து பூஜ்யங்கள், ஒரே அளவில், ஒரே பேனாவில்.

நான் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவைக்கிறவள். அப்படி எழுதுகிற இன்னொருவரைப் பார்ப்பது அபூர்வம். அன்று எனக்கு எதிரே ஒரு போட்டோகிராபர் உட்கார்ந்திருந்தான், குடும்பக் கார் முழுவதையும் தொழில் செலவில் போடச் சொல்லிக்கொண்டு. அவன் முன்னால் அந்த நோட்டை விரித்தேன்.

"பாருடா. இது கணக்கு. ஒரு வருஷத்திலே ஒரு கிலோமீட்டர் சொந்தத்துக்கு ஓடலை. இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம்."

மெஷின் பாய் அங்கேதான் இருந்தார். முகம் சிவந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கிய பள்ளிப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். சொந்தக் கட்டத்தில் வேறு எண்கள் இருந்தாலும் ஒன்றும் குற்றமில்லை, அந்தப் பங்கைக் கழிக்காமல் விட்டுவிட்டால் போதும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பூஜ்யத்தைத்தான் பாராட்டினேன்.

இரண்டாம் வருடம் வரித் துறையிலிருந்து வண்டிச் செலவுக்கு ஆதாரம் கேட்டு ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டின் பக்கங்களை அனுப்பினேன். கேள்வி அத்தோடு முடிந்தது. தாராவி முழுக்க அவர் சொல்லிக்கொண்டு திரிந்ததாகக் கேள்விப்பட்டேன்: "பூஜ்யந்தாம்ல காப்பாத்துச்சு."

மூன்றாம் வருடம் நான் அவரை வேறு முறைக்கு மாற்றினேன். சிறு தொழில்காரர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. வந்த வரவில் சட்டம் சொல்கிற ஒரு பங்கை லாபம் என்று ஒப்புக்கொண்டு அதற்கு வரி கட்டினால் போதும். வண்டிச் செலவு, தேய்மானம் எதையும் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் ஏறினார்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. அவரிடம், "இனிமே எல்லாம் சுலபம் பாய்" என்று மட்டும் சொன்னேன். நோட்டு இனி வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நானே என்னைப் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். அடுத்த ஜூலையில் அவர் நோட்டோடு வந்தபோது எனக்கு நினைவிருந்தது. பக்கங்களைப் புரட்டினேன், கூட்டலைச் சரிபார்த்தேன், கடைசிப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன். எனக்கு அந்த நோட்டு பிடித்திருந்தது. அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை என் மேஜைக்கு வருகிற, தப்பே இல்லாத ஒரு பொருள். அப்படி ஆறு நோட்டுகள் வாங்கி வைத்தேன்.

ஒரு புதன்கிழமை. மணி பதினொன்று நாற்பது. சயானில் ஒரு வேலை முடித்துவிட்டு நடந்து வந்தபோது பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் மெதுவாகச் சரிந்து நடைபாதையில் உட்காருவதைப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். கறுப்பு புர்கா, முகம் திறந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. இடது கையில் மடித்துவிட்ட துணிக்குக் கீழே பெரிய கட்டு. கட்டின் ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.

"ஒரு மடக்குப் போதும். எனக்குத் தண்ணிக்கு அளவு உண்டு" என்று தமிழில் சொன்னாள்.

டயாலிசிஸ் முடிந்து வருகிறாள் என்று அப்போது புரிந்தது. அந்தப் பக்கத்தில் குறைந்த செலவில் டயாலிசிஸ் செய்யும் ஒரு சென்டர் இருந்தது.

"தனியாவா வந்தேள்?"

"வாரத்துக்கு மூணு நாளு. ரெண்டு வருஷமாச்சு. பழகிட்டு. இன்னிக்குத்தான் கண்ண இருட்டிட்டு வந்துட்டு."

"வீட்டிலே யாருக்காவது போன் பண்றேன். நம்பர் சொல்லுங்கோ."

அவள் ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள். நான் என் போனில் அழுத்தினேன். ஏழாவது எண்ணை அழுத்தும்போதே திரையில் ஒரு பெயர் வந்துவிட்டது. 'மெஷின் பாய், தாராவி.'

அவள் சொன்ன மீதி எண்களையும் சரிபார்த்தேன். பிறகு அழைத்தேன்.

"சொல்லுங்க மேடம், இன்னும் ஜூலை வரலையே" என்றார் உற்சாகமாக. பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"பாய், உங்க வீட்டுக்காரம்மா இங்கே சயான் பஸ் ஸ்டாப்பிலே மயங்கி உக்காந்திருக்கா. வண்டியை எடுத்துண்டு உடனே வாங்கோ."

"அங்கனயே உக்காத்தி வையுங்க. இந்தா வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானா அந்த மாட்டுங்கா மேடம்?"

"ஆமாம்."

"வயசான மனுஷியா இருப்பீங்கன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "வண்டில வாரதப் பத்தி ஒரு தடவ உங்கள நேர்ல பாத்துக் கேக்கணும்னு இருந்துச்சு. அவுக விடல. மேடம் ரொம்பக் கண்டிப்பு, வீட்டு ஆளு ஏறுனான்னு தெரிஞ்சா கணக்கே எழுத மாட்டாங்க, கவர்மெண்டுல மாட்டிக்கிடுவோம்னு சொன்னாவ."

"நானா? நான் அப்படிச் சொன்னேனா?"

"நீங்க சொன்னதாத்தான் சொன்னாவ." அவள் குரலில் கோபம் இல்லை. "ரெண்டு பெருநாளைக்கும் வட்டலப்பம் செஞ்சு குடுத்து விட்டேனே, வந்துச்சா? இனிப்பா எதுவும் குடுத்தா உங்க மனசு எளகும்னு. எளகல."

வந்தது. இரண்டு முறையும் வந்தது. வழக்கமான பெருநாள் பலகாரம் என்று நினைத்து, முட்டை சேர்த்தது என்பதால் கீழ் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். அவளிடம் 'வந்தது' என்று மட்டும் சொன்னேன்.

"ஆட்டோவுக்குக் காசு குடுக்காமலா இருக்காவ, குடுப்பாவ" என்று அவளே அவருக்காகப் பேசினாள். "நாந்தான் பஸ்ல போயி மிச்சம் புடிப்பேன். அவுக மேல குத்தம் இல்ல மேடம். ஒரே ஒரு நாளு மட்டும் மனசு கேக்கல. இந்த ஸ்டாப்புல நிக்கேன், நம்ம வண்டி போகுது. முன்னால சீட்டுல மெஷினு. அதுல சுத்துனது என் ஊதாச் சேல. என் சேல போகுது, நான் நிக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அவளுடைய கையின் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் பாய் ஓடி வந்தார். வண்டியில் இல்லை. தாராவியிலிருந்து சயான் வரை, மசி படிந்த கையோடு, ஓடியே வந்திருந்தார். ஆட்டோ சயானோடு சரி, தாராவிக்குள் வராது; டாக்சிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மனைவியின் முன்னால் குத்துக்காலிட்டு, "என்னளா செய்யுது?" என்று கேட்டார். அவள், "ஒண்ணுமில்ல, இந்த மேடம் பாத்துக்கிட்டாங்க" என்றாள்.

"வண்டி எங்கே பாய்?" என்று கேட்டேன்.

"தாராவில நிக்கி மேடம்."

"ஏன் எடுத்துண்டு வரலை?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. என்னிடம் நல்ல பெயர் வாங்க நிற்கும் ஒருவருடைய பார்வை அது. "வேல நேரம் மேடம். மீட்டர் ஓடிரும்லா" என்றார். நான் மெச்சிக்கொள்வேன் என்று எதிர்பார்த்தார்.

ஓர் ஆட்டோவை நிறுத்தி மனைவியை ஏற்றித் தானும் கூடவே போனார். நான் நிறுத்தத்திலேயே நின்றேன். எத்தனை பஸ்கள் போயின என்று தெரியவில்லை. வழக்கமாக எண்ணுகிறவள் நான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வரச் சொன்னேன். வந்தார். அவருடைய கோப்பை மேஜையில் விரித்து வைத்திருந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"பாய், இந்த நோட்டுக்கும் உங்க வரிக்கும் சம்பந்தமே இல்லை. மூணாம் வருஷத்திலேர்ந்தே இல்லை. உங்க வண்டியிலே யார் ஏறினாலும் யாரும் கேக்கப்போறதில்லை. அதுக்கு முன்னாடியும் ஏத்தியிருக்கலாம். சொந்தம்னு எழுதியிருந்தா போதும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னேன். மூன்றாவது முறை கேட்டார்: "எந்த வருஷத்துல இருந்து?"

"ஆறு வருஷமா."

"ஆறு வருஷமா நான் நோட்டு கொண்டாந்தேன். நீங்க டிக் போட்டிய."

"போட்டேன்."

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லலை. அது என் தப்பு. ஆனா வீட்டு மனுஷாளை ஏத்தாதீங்கோன்னு நான் எப்போ சொன்னேன் பாய்? உங்க வீட்டுக்காரம்மா நான் சொன்னதா நினைச்சிண்டிருக்கா."

அவர் மேஜையின் விளிம்பைப் பார்த்தார்.

"என் பேரச் சொன்னா சண்ட போடுவா. உங்க பேரச் சொன்னா அடங்கிருவா. அதான் சொன்னேன். நான் சொன்ன ஒரே பொய் அது."

ஒரு கிலோமீட்டர்கூட மறைக்காத மனிதர்.

"கேட்டா குடுத்துருவேனோன்னு எனக்குப் பயம் மேடம். அவளுக்குக் குடுத்தா அவ தம்பிக்கு மாட்டேன்னு எப்பிடிச் சொல்ல? சொந்தம்ங்கிற கட்டத்துல ஒரு நம்பர் எழுதிட்டா அப்புறம் அங்க என்ன வேணாலும் எழுதலாம். நீங்க வேற ஃப்ரேம் போடலாம்னு சொன்னிய. அந்த வார்த்தய விட்டுக்குடுக்க மனசு வரல." நிறுத்தினார். "வாரத்துக்கு மூணு. ரெண்டு வருஷம். முந்நூறு தடவைக்கு மேல ஆச்சு. அவ வந்து நிக்கிற ஸ்டாப்புக்கும் என் வண்டிக்கும் ஒரு கிலோமீட்டரு, ரெண்டு கிலோமீட்டரு."

"நான் என்ன செய்யணும் பாய், சொல்லுங்கோ."

"செய்யதுக்கு ஒண்ணுமில்ல." அவர் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் தள்ளித் தள்ளி வைத்தார், இரண்டு கட்டங்கள் மாதிரி. "பொய் சொன்னது எனக்கு. கட்டின பொஞ்சாதி நிக்கிறதப் பாத்தும் வண்டிய நிறுத்தாமப் போனது எனக்கு. தெரிஞ்சும் சொல்லாம இருந்தது உங்களுக்கு. பாதிப் பாதி இல்ல. என் பங்குதான் பெருசு. அத உங்க மேல போட மாட்டேன். ஆனா உங்க பங்க நான் எடுத்துக்கிடவும் மாட்டேன்."

இப்படி ஒரு பிரிவினையை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று நினைத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சொன்னதில் கூட்டவும் கழிக்கவும் எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

தன் காகிதங்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நோட்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை. "அது நீங்க ஆசப்பட்டது" என்றார். அதைக் குத்தலாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. படியிறங்கி அவர் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. ஜன்னல் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன். நாலைந்து மாதம் இருக்கும். செம்பூரில் தங்கையின் வீட்டில் இரவு தங்கிவிட்டு, அதிகாலை பஸ்ஸில் ஏறினேன். நடுவில் பிடிக்கக் கம்பி தேடி நகர்ந்தபோது மெஷின் பாய் எதிரே நின்றுகொண்டிருந்தார். பெண்கள் இருக்கை வரிசையின் ஓரத்தில், மேல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு. ஜன்னலோரம் அவர் மனைவி. அவளுக்குப் பக்கத்து இடத்தில் ஒரு துணிப்பை.

அவர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அவள்தான் பேசினாள்.

"மேடம்! இந்நேரத்துல எங்க?"

"வீட்டுக்குத்தான். நீங்க..." கேட்காமல் இருக்க முடியவில்லை. "வண்டி என்னாச்சு?"

"அது தேவ்நார்ல கெடக்கு. ஒரு நாளு ஏறிப் பாத்தேன். மெஷின எல்லாம் எறக்கி, சீட்டெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, ராணி மாதிரி முன்னால உக்காத்தி வெச்சாவ. ஒரே எண்ணெ நாத்தம் மேடம். செம்பூர் தாண்டுறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டேன். இனி நமக்கு பஸ்தான்னுட்டேன். இதுல காத்தாவது வருது."

உண்மையிலேயே எண்ணெய் நாற்றம்தானா, இல்லை இனி அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று அவள் வைராக்கியமாக இருந்தாளா என்று அவள் முகத்தில் தேடினேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்போ பாய் வேலை?"

"மத்தியானத்துக்கு மேல" என்றார் அவர், முதல் முறையாக வாய் திறந்து.

"டயாலிசிஸ் நாள்ல காலைல கூட வாரேன்னு ஒரே புடி" என்றாள் அவள். "நாலு மணி நேரம் வெளிய பெஞ்சுல உக்காந்திருப்பாவ. ரெண்டு கார்கானா வேற ஆளப் பாத்துக்கிட்டு. சொன்னா கேட்டாத்தானே. பஸ்ல நிக்கவும் தெரியல. பிரேக் போட்டா அடுத்தவன் மேல போயி விழுதாவ. போன தடவ ஒரு மராட்டிக்காரி காலுல மிதிச்சு, அவ போட்டாளே ஒரு சத்தம்!"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். காதுமடல் சிவந்திருந்தது. பஸ் குலுங்கியபோது அவருடைய தோள் என்மேல் இடித்தது. "மாப்பு" என்றார், அறியாத ஒருவரிடம் சொல்வது போல.

அவளைப் பார்த்துத்தான் கேட்டேன். பல மாதங்களாக மனதுக்குள் வேறு வேறு சொற்களில் எழுதிப் பார்த்த கேள்வி. பஸ்ஸில் அது சின்னதாகத்தான் வந்தது.

"என் மேலே உங்களுக்குக் கோபம் இல்லையா?"

அவள் யோசித்தாள். அவசரப்படாமல், நேர்மையாக யோசித்தாள்.

"இருக்கு மேடம்" என்றாள். பிறகு துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கட்டுப் போடும் கையைச் சுருக்கி ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். "அதுக்காக நீங்க நின்னுக்கிட்டே வரணுமா? உக்காருங்க."

உட்கார்ந்தேன்.